அங்காள பரமேஸ்வரி தல வரலாறு: சரஸ்வதியின் சாபத்தை எழுதுவதா, விடுவதா?

பெகு மகள்:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் பெகுவுக்கு அருகே வயல்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊர் அங்காள பரமேஸ்வரி கோயிலில் திருப்பணி முடிந்து குடமுழுக்குக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அழைப்பிதழோடு சேர்த்து நான்கு பக்கத்தில் தல வரலாறு அச்சிட வேண்டும் என்றும், அதில் இரண்டு பக்கம் தமிழிலும் இரண்டு பக்கம் பர்மிய மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் கோயில் குழுவினர் முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான், சிறு வயதிலிருந்து கேட்ட கதையில் எனக்கு எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று தெரிந்தது.

எங்கள் ஊரில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. பம்பை அடித்துப் பாடும்போது வருவது ஒன்று. பிரம்மனுக்கும் ஐந்து தலை இருந்ததால் பார்வதி அவரைச் சிவன் என்று எண்ணி வணங்கிவிட்டாள், அதன் காரணமாகச் சிவன் பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளினார், கிள்ளிய தலை கையோடு ஒட்டிக்கொண்டது, சரஸ்வதி பார்வதிக்குச் சாபமிட்டாள், அவளே அம்மனாகப் புற்றில் வந்து தங்கினாள். என் அப்பாயி சொல்வது வேறு கதை. அவருடைய மாமியாரின் மாமியார் கப்பல் ஏறும் முன் குலதெய்வக் கோயில் மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாராம். வயல் வேலைக்கு வந்த இடத்தில் வரப்போரம் இருந்த புற்றின் அடியில் அந்த மண்ணைப் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முதல் விளக்கை ஏற்றினாராம். அந்தப் புற்று இன்றும் கருவறைக்கு இடப்பக்கம் இருக்கிறது. மேலே தகரக் கூரை, சுற்றிலும் மஞ்சள் துணி, பால் ஊற்றவும் முட்டை வைக்கவும் ஒரு குழி. குழுவில் உள்ள இளைஞர் ஒருவர் இரண்டு கதைகளையும் ஒன்றாக்கி, சாபம் பெற்ற பார்வதியே கடல் கடந்து பெகு வந்து இந்தப் புற்றில் குடியேறினாள் என்று எழுதச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்த சிக்கல் பர்மியப் பக்கங்களில் வந்தது. நம் சரஸ்வதியைத்தான் பர்மியர்கள் தூயதடி மெய்டோ என்று கும்பிடுகிறார்கள் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அன்னத்தின் மீது அமர்ந்து, திரிபிடகத்தைக் காப்பவள் அவள். என்னோடு வேலை பார்க்கும் பர்மியத் தோழி, மகனுக்குத் தேர்வு என்றால் முதலில் அவள் படத்துக்குத்தான் பூ வைப்பார். நான் எழுதியதை அவரிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “எங்கள் மெய்டோ எதற்காக உங்கள் அம்மனைச் சபித்தாள்?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சாபத்தை விட்டுவிடலாமா? விட்டால் கதை நிற்குமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்பைக்காரர் பேரன், யாங்கோன்:

அக்காவுக்கு வணக்கம். என் தாத்தா பம்பை அடித்தவர். நான் உடுக்கையோடு நின்றுவிட்டேன். கதை மட்டும் முழுதாக மனத்தில் இருக்கிறது.

நீங்கள் எழுதிய சுருக்கத்தில் கதையின் உயிரான பகுதியே விட்டுப்போயிருக்கிறது. கபாலம், அதாவது பிரம்மனின் மண்டையோடு, கையில் ஒட்டிய பிறகு சிவன் வீடு வீடாகப் பிச்சை ஏற்று நடந்தார். இட்ட சோற்றையெல்லாம் கபாலமே தின்று தீர்த்தது. அவருடைய வயிறு காய்ந்துகொண்டே போனது. அதே சாபத்தால் உருக்குலைந்த பார்வதி காடு மேடெல்லாம் அலைந்து, செஞ்சி பக்கம் உள்ள மேல்மலையனூர் மயானத்தில் புற்றாக அமர்ந்திருந்தாள். சிவன் அந்த மயானத்துக்கு வந்து சேர்ந்தபோது, விஷ்ணு தன் தங்கைக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சோறாக்கி மூன்று கவளம் பிடித்துக்கொள். முதல் இரண்டையும் கபாலத்தில் இடு. ருசி கண்டு அது மூன்றாவதற்கு வாய் பிளக்கும்போது அந்தக் கவளத்தைத் தரையில் இறைத்துவிடு. அவள் அப்படியே செய்தாள். சிதறிய சோற்றைப் பொறுக்கக் கபாலம் சிவன் கையை விட்டுக் கீழே இறங்கியது. அந்தக் கணமே அம்மன் விசுவரூபம் எடுத்து அதைக் காலால் மிதித்தாள்.

தாத்தா இந்த இடத்துக்கு வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுப் பம்பையை மட்டும் அடிப்பார். இடது பக்கம் அதிரும், வலது பக்கம் உறுமும். கூட்டத்தில் யாருக்காவது அருள் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, உக்கிரம் அடங்காத அம்மனைக் குளிர்விக்கத் தேவர்கள் எல்லாம் தேராக மாறி நின்றார்கள் என்று பாடி முடிப்பார்.

இன்னொன்று, பிரம்மனின் தலை கொய்த இடம் தஞ்சாவூருக்கு அருகே உள்ள திருக்கண்டியூர். சிவன் வீரச் செயல் புரிந்த அட்டவீரட்டத் தலங்கள் எட்டில் அதுவும் ஒன்று. ஆகவே தலை கொய்த கதை ஓர் ஊரிலும் கபாலம் இறங்கிய கதை இன்னோர் ஊரிலும் வேர் விட்டிருக்கின்றன. மூன்றாவதாகப் பெகுவையும் அதில் சேர்த்தால், விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சாபத்தை விடக்கூடாது என்பது என் கருத்து. சாபம் இல்லாவிட்டால் சிவன் ஏன் பிச்சை எடுக்கிறார், அம்மன் ஏன் மயானத்தில் இருக்கிறாள் என்பதற்குக் காரணமே இருக்காது.

மோரே தமிழன்:

மகளே, வணக்கம். நான் எழுதுவது எல்லைக்கு இந்தப் பக்கம், பர்மாவின் தமுவுக்கு எதிரே உள்ள மணிப்பூர் மோரேயிலிருந்து. எங்கள் பெரியவர்கள் பர்மாவில் பிறந்தவர்கள். 1962இல் இராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 சியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு கப்பலேறிச் சென்னைக்குப் போனவர்கள். அங்கே மனம் ஒட்டாமல், நடந்தாவது பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று இவ்வளவு தூரம் வந்து, எல்லையில் தடுக்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். வந்த கையோடு அவர்கள் எழுப்பிய கோயில் யாருடையது தெரியுமா? அங்காள பரமேஸ்வரியும் முனீஸ்வரரும்தான். பர்மாவில் பீலிக்கான் கோயிலில் கும்பிட்ட அதே இரண்டு தெய்வங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அப்பாயி சொன்ன கதையை யாரும் ஊர்ப் பேச்சு என்று ஒதுக்கிவிடக்கூடாது. அதற்குப் பெயர் பிடிமண். தாய்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் வேறோர் இடத்தில் வைத்தால், அங்கே அந்தத் தெய்வம் வந்துவிட்டதாகப் பொருள். தமிழ்நாட்டிலும் பங்காளிகள் பிரியும்போது, பிழைப்புக்கு ஊர் மாறும்போது இப்படித்தான் குலதெய்வத்தை எடுத்துப் போனார்கள். பர்மாவுக்கு நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுக்க வந்த நகரத்தார் தண்டாயுதபாணியைக் கொண்டுவந்தார்கள். மேஸ்திரி கூட்டிவந்த கூலிக்காரர்கள் அங்காளம்மனையும் மாரியம்மனையும் முனீஸ்வரரையும் கொண்டுவந்தார்கள். ரங்கூன் காளி கோயில் 1871இல் தமிழர்களால் கட்டப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. வரப்போரத்துக் கோயில்களுக்கு யார் பதிவு வைத்தார்கள்? 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது கால்நடையாக ஓடியவர்கள் கணக்குப் புத்தகத்தையா தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? உங்கள் அப்பாயியின் வாய்தான் உங்கள் ஊரின் கல்வெட்டு. ஆகவே தல வரலாறு என்ற தலைப்பின் கீழ் முதலில் பிடிமண் கதையைப் போடுங்கள். புராணத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

சாபத்தைப் பற்றித் தம்பி சொன்னதை நான் ஏற்கவில்லை. தமிழ்ப் பக்கத்தில் இருக்கட்டும். பர்மியப் பக்கத்தில் வேண்டாம். ஊரோடு ஒத்து வாழ வேண்டியவர்கள் நாம். கபாலம், மூன்று கவளம், விசுவரூபம் என்று எழுதினாலே போதும்.

செஞ்சி பக்கத்தவர்:

பர்மாவில் அம்மன் கதையை இவ்வளவு அக்கறையோடு பேசுவதைப் படித்து மகிழ்ந்தேன். என் அம்மா வழிச் சொந்தம் மேல்மலையனூருக்கு அடுத்த ஊர். அது முன்பு தென்னாற்காடு மாவட்டம். 1993இலிருந்து விழுப்புரம் மாவட்டம். பழைய ஆவணத்தில் யாருடைய சொந்த ஊராவது தென்னாற்காடு என்று இருந்தால், அந்தப் பிடிமண் எங்கிருந்து வந்தது என்று தேட ஒரு நூல் கிடைக்கும்.

தாய்க் கோயிலான மேல்மலையனூரில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூசை செய்பவர்கள் பருவதராஜ குலத்தவர்கள், அதாவது மீனவ மரபினர், வழிவழியாக அவர்கள்தான். ஒவ்வோர் அமாவாசை நள்ளிரவிலும் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். கையில் கற்பூரமோ எலுமிச்சை மேல் தீபமோ ஏந்தி விடிய விடிய நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். மாசியில் மகா சிவராத்திரியன்று கொடியேறி, மறுநாள் அமாவாசையில் மயானக் கொள்ளை. ஏழாம் நாள் தேர். பம்பைக்காரர் பேரன் சொன்ன, தேராக மாறி நின்ற தேவர்கள்தான் அந்தத் தேர். அதை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுவார்கள்.

மயானக் கொள்ளையைப் பார்க்காதவர்கள், பெயரைக் கேட்டு அஞ்சுகிறார்கள். அது சோறு இறைத்த கதையை ஊரே சேர்ந்து நடிப்பதுதான். அம்மன் மயானத்துக்கு எழுந்தருள்வாள். அங்கே குவித்திருக்கும் தானியம், காய்கறி, கொழுக்கட்டை, அவித்த பயறு, சில்லறைக் காசு எல்லாவற்றையும் வாரி இறைப்பார்கள். கூட்டம் பாய்ந்து அள்ளும். விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து இறைத்தவர், அள்ளியதில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போய் விதை நெல்லோடு கலப்பார். அடுத்த வெள்ளாமை நன்றாக வரும் என்று நம்பிக்கை. என் மாமா ஒருமுறை கூட்டத்தில் செருப்பு, துண்டு இரண்டையும் தொலைத்துவிட்டு, கைப்பிடிக் கேழ்வரகோடு பெருமையாக வந்து நின்றார்.

பெகு மகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று கவளம் எனக்குத் தெரியாது. பிடிமண் என்ற சொல்லையும் இப்போதுதான் கேட்கிறேன். அப்பாயியிடம் சொன்னபோது, “அப்படித்தான் சொல்லுவோம், நீ கேட்டதில்லையே” என்றார்.

மயானக் கொள்ளை பற்றிப் படித்ததும் இன்னொரு கேள்வி. எங்கள் ஊரில் மயானத்துக்குப் போவதில்லை. கோயிலுக்குப் பின்னால் சாணம் மெழுகிய இடத்தில் மண்ணாலும் சாம்பலாலும் அம்மன் படுத்திருப்பதுபோல் உருவம் செய்து, அங்கேயே சோறும் காய்கறியும் இறைக்கிறோம். முன்பு மயானம் வரை ஊர்வலம் போனதாகவும், பிறகு நின்றுவிட்டதாகவும் பெரியவர்கள் சொல்கிறார்கள். தீமிதி பங்குனியில் நடக்கும். இவையெல்லாம் முறைக்கு மாறானவையா? அப்படியானால் எழுதாமல் விட்டுவிடுகிறேன். முனீஸ்வரருக்கு நாங்கள் சுருட்டு வைக்கிறோம் என்பதையும் எழுதலாமா என்று ஒருவர் தயங்குகிறார்.

செஞ்சி பக்கத்தவர்:

படுத்திருக்கும் அந்த உருவத்துக்குப் பெரியாயி என்று பெயர். மேல்மலையனூரிலும் பெரியாயி உண்டு. உருவம் செய்து கொள்ளை விட்டால் அந்த இடமே அன்றைக்கு மயானம்தான். தயங்காமல் எழுதுங்கள். தீமிதி இங்கே முதன்மையாகத் திரௌபதி அம்மன் கோயில்களிலும் மாரியம்மன் கோயில்களிலும் நடப்பது. பல ஊர்க்காரர்கள் ஒரே கோயிலைச் சேர்ந்து கட்டிய இடத்தில் அவரவர் ஊர் வேண்டுதல்களும் சேர்ந்துவிடுவது இயல்பு. உங்கள் பக்கத்தில் நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதம் பங்குனி, அடுத்துத் தண்ணீர்த் திருவிழா வந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த மாதத்தை ஏன் பிடித்தார்கள் என்று ஊகிக்கலாம்.

மோல்மீன் ஆசிரியை (ஓய்வு):

பிள்ளைக்கு ஆசிகள். இத்தனை பேர் கதையைச் சொன்னார்கள்; உங்கள் தோழி கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

சரஸ்வதி ஏன் சபித்தாள்? அவளுடைய கணவனின் தலையை வெட்டிவிட்டார்கள். பார்வதி ஆளை மாற்றிக் கும்பிட்டது யார் குற்றம்? அதற்குத் தண்டனை அனுபவித்தது யார்? ஒரு பெண்ணின் கண்முன்னே அவள் கணவன் தலை அறுந்து விழுந்தால் அவள் வாழ்த்தா பாடுவாள்? இப்படி எழுதிப் பாருங்கள். “தன் கணவனுக்கு நேர்ந்த கொடுமையைப் பொறாத சரஸ்வதி” என்று ஒரு வரி போட்டால், தூயதடியைக் கும்பிடும் எந்தப் பர்மியப் பெண்ணும் முகம் சுளிக்க மாட்டாள். மோரேயில் இருக்கும் ஐயா சொல்வதுபோல் ஒளித்துவிட்டு, நாளைக்கு யாராவது தமிழ்ப் பக்கத்தைப் படித்து மொழிபெயர்த்துச் சொன்னால், நாம் மறைத்ததாக ஆகும். நான் எழுதும் பக்கம் என்றால் இரண்டு மொழியிலும் ஒரே கதைதான் இருக்கும்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு இரண்டு சொற்களைப் பற்றி. முதலாவது, பிச்சைப் பாத்திரம். பர்மியத்தில் யோசிக்காமல் எழுதினால் கை தானாகத் தபெய் என்று எழுதிவிடும். விடியற்காலையில் துறவிகள் ஏந்தி வருவதும், நம் வாசலிலேயே நின்று நாமும் சோறிடுவதும் அந்தத் தபெய்யில்தான். இட்டதையெல்லாம் தின்று ஏமாற்றும் கபாலத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால், அதுதான் உண்மையான அவமதிப்பு. மண்டையோடு என்றே எழுதுங்கள், எத்தனை முறை வந்தாலும்.

இரண்டாவது, முனீஸ்வரர். நம்மவர்களே பேச்சில் அவரை நாட், அதாவது பர்மியர்கள் வணங்கும் ஆவி, என்று சொல்லிவிடுகிறார்கள். பர்மியர்களின் 37 நாட் வரிசையில் பலர் வெட்டுப்பட்டும் எரிக்கப்பட்டும் கொடுஞ்சாவு அடைந்த மனிதர்கள். முனீஸ்வரருக்கு அந்தப் பெயரைப் போட்டால் அவருக்கும் அப்படி ஒரு சாவுக் கதையைப் படிப்பவர்களே கட்டிவிடுவார்கள். (தமிழ்ப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பன்மையில் எழுதிவிடாதீர்கள், நாட்கள் என்றாகி வேறு பொருள் தரும்.) அம்மனுக்குக் காவலாகக் கோயிலுக்கு வெளியே அமர்ந்திருக்கும் தெய்வம் என்று விளக்கமாகவே எழுதுங்கள். சுருட்டு வைப்பதை மறைக்க என்ன இருக்கிறது? ஆங்கிலேயன் செரூட் என்று சொன்னதே நம் சுருட்டைத்தான். இளநீரும் வாழைச் சீப்புமாகத் தட்டு வைத்துக் கும்பிடும் பர்மியர்களுக்கு, நம் தேங்காய் பழத் தட்டை விளக்கவே வேண்டியதில்லை.

பெகு மகள்:

டீச்சரம்மா, தபெய் என்று நான் நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். நான்கையும் அடித்துவிட்டேன். நல்ல வேளை, அச்சுக்குப் போகவில்லை.

நேற்று மாலை கோயில் குழுவில் பேசி முடிவு செய்தோம். முதல் பக்கம் பிடிமண் கதை, அப்பாயி சொன்ன சொற்களிலேயே. இரண்டாம் பக்கம் மேல்மலையனூர்க் கதை, ஊர்ப் பெயரோடு. சாபம் இரண்டு மொழியிலும் இருக்கும், டீச்சரம்மா சொன்ன வரியோடு. தோழியிடம் அதைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் பிரம்மாவுக்குத் தலை திரும்பக் கிடைத்ததா?” என்று கேட்டார். கிடைக்கவில்லை, அதனால்தான் இன்றுவரை நான்கு முகம் என்றேன். குடமுழுக்குக்கு மகனையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடலைக் கடந்த பார்வதியை எழுதச் சொன்ன தம்பி மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறார். அவருக்குப் புற்றின் படத்தை எடுத்து அட்டையில் போடும் வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

பம்பைக்காரர் பேரன், யாங்கோன்:

அக்கா, படம் எடுக்கும்போது புற்றுக்கு மேல் உள்ள தகரக் கூரை தெரியாமல் எடுக்கச் சொல்லாதீர்கள், தெரியட்டும். அச்சகத்தில் பிடிமண் என்பதைப் பிடி, மண் என்று பிரித்து இரண்டு வரியில் போட்டுவிடுவார்கள். மெய்ப்பு பார்க்கும்போது அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். குடமுழுக்குக்கு முதல் நாள் இரவு பாட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், உடுக்கையோடு வருகிறேன். பம்பைக்குத்தான் வேறு ஆள் பார்க்க வேண்டும்.